டெல்ஃப்டைப் பார்த்து வரைந்து, கீழக்கரையைத் தீட்டுவது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரையில் படம் வரையத் தொடங்குகிற பலரும் முதலில் படகை வரைகிறார்கள். பிறகு கயிறு, கொடி, வலை, ஜெட்டியின் தூண்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். முடிக்கும்போது எல்லாப் பொருளும் படத்தில் இருக்கும், வெளிச்சம் மட்டும் இருக்காது. துறைமுகக் காட்சியை ஓவியமாக்குவது வெளிச்சம்தான். அதை எங்கே கொடுக்க வேண்டும், எங்கே கொடுக்காமல் பிடித்துவைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை ஓடும் மேகத்தின் கீழே, ஆடும் படகின் எதிரே உட்கார்ந்து கற்பது கடினம். ஏற்கெனவே ஒரு பெரிய ஓவியர் தீர்மானித்து முடித்ததைப் பார்த்து வரைந்தால் அதே பாடம் வீட்டில் உட்கார்ந்தபடியே நிதானமாகக் கைக்கு வரும். அதன் பிறகு ஜெட்டிக்குப் போகலாம்.

இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஓவியம்: டச்சு ஓவியர் யோகன்னஸ் வெர்மீர் 1660–61 வாக்கில் தீட்டிய ‘டெல்ஃப்ட் நகரக் காட்சி’. நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்திலுள்ள மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீருக்கு இக்கரையில் நின்று, வடக்கே பார்த்து, அக்கரையில் நீளும் ஊரைத் தீட்டியிருக்கிறார். முன்னால் மணல் கரையில் சில பெண்கள் நிற்கிறார்கள். நடுவே அமைதியான துறைநீர். எதிரே கோட்டை வாசல்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், தேவாலயக் கோபுரம். வலது பக்கம் பழுது பார்ப்பதற்காக நிறுத்திய மீன்பிடிப் படகுகள். மண்டபத்திலும் பாம்பனிலும் தினமும் பார்க்கிற காட்சியின் உறுப்புகள் அத்தனையும் அதில் உண்டு.

நம் கரைக்கும் அந்த ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்றும் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டில் இயங்கியது. சேதுபதிகள் காலத்தில் அதே கம்பெனி கீழக்கரையில் வணிகம் செய்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு வரைந்தால் அந்த நீரும் படகுகளும் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

என்னென்ன வாங்க வேண்டும்

அசல் ஓவியத்தின் உயரம் 96.5 செ.மீ., அகலம் 115.7 செ.மீ. அதாவது அகலம் உயரத்தைப் போல 1.2 மடங்கு. கடைகளில் கிடைக்கும் 12க்கு 10 அங்குல கேன்வாஸ் போர்டின் விகிதமும் இதேதான். எதையும் வெட்டாமல், நீட்டாமல் முழுப் படத்தையும் அதில் அடக்கிவிடலாம். தொடக்கத்தில் இதைவிடப் பெரியது வேண்டாம்.

எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா? வீட்டில் காற்றோட்டமான ஓர் அறை இருந்தால் எண்ணெய் வண்ணமே நல்லது. மெதுவாகக் காய்வதால் வானத்தை இழைத்து இழைத்துச் செய்ய அவகாசம் கிடைக்கும். நம் கரையின் வெயிலிலும் காற்றிலும் அக்ரிலிக், வண்ணம் கலக்கும் பாலெட்டிலேயே தோல் கட்டிவிடுகிறது. அக்ரிலிக்தான் கையில் இருக்கிறது என்றால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு குப்பி வாங்குங்கள். பாலெட்டில் ஈரத்துணியை விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் வைத்து வண்ணம் கலக்குங்கள்.

வண்ணங்கள் ஆறு போதும்: டைட்டேனியம் ஒயிட், யெல்லோ ஆக்கர், லெமன் யெல்லோ, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் புளூ. கேம்லின் மாணவர் வகை வண்ணங்களே இதற்குத் தாங்கும். வெர்மீர் இந்த ஓவியத்துக்கு ஈய வெள்ளை, காவி மஞ்சள், இயற்கை அல்ட்ராமரைன் போன்றவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார். ஈய வெள்ளை நச்சு என்பதால் டைட்டேனியம் ஒயிட்டே நமக்குச் சரி. கறுப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் வருகிற கருமை எந்த டியூப் கறுப்பையும்விட உயிரோடு இருக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிரும், அம்பரைக் கூட்டினால் வெதுவெதுப்பாகும்.

தட்டைத் தூரிகை இரண்டு, நடுத்தர உருண்டைத் தூரிகை ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று வேண்டும். மெல்லியதைக் கடைசி நாள் வரை பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், பழைய பருத்தித் துணி ஆகியவையும் தேவை. ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது நீரில் ஊறப்போட்டு அப்புறப்படுத்துங்கள்.

ஓவியத்தின் உயர்தரப் படத்தை மௌரிட்ஸ்ஹவுஸ் இணையதளத்திலிருந்தே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஏ4 தாளில் வண்ணத்தில் ஒன்றும் கறுப்பு வெள்ளையில் ஒன்றும் அச்சிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படிதான் முக்கியமானது. செல்போன் திரையை நுணுக்கங்களைப் பெரிதாக்கிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரை தானே ஒளிர்வதால் அதில் பார்த்துக் கலக்கும் வண்ணம் எப்போதும் போர்டில் மங்கலாகவே விழும்.

தூரிகையைத் தொடுவதற்கு முன்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படியைச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். சன்னல்களும் மனிதர்களும் மறைந்துபோவார்கள். மிஞ்சுவது நான்கைந்து பெரிய திட்டுகள். உச்சியில் ஒரு கரிய மேகம், படத்துக்கு மூடி போட்டதுபோல. அதன் கீழே விரிந்து, ஊரை நெருங்க நெருங்க வெளுக்கும் வானம். அதற்கும் கீழே இடமிருந்து வலமாக ஓடும் ஒரு கரிய பட்டை; அதுதான் ஊரின் முன்வரிசை. பிறகு நடுத்தரமான நீர், இடது மூலையில் வெளிறிய மணல் முக்கோணம்.

இப்போது அந்தக் கரிய பட்டையைக் கூர்ந்து பாருங்கள். நமக்கு மிக அருகில் இருக்கிற கட்டடங்கள், இரண்டு பெரிய வாசல்கள், மதில், எல்லாமே மேக நிழலில் கிடக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், வலப்பக்கம், ஓர் இடைவெளியில் மட்டும் வெயில் விழுகிறது. அங்கே சில கூரைகளும் புதிய தேவாலயத்தின் கோபுரமும் இளமஞ்சளாகப் பளிச்சிடுகின்றன. மொத்தப் படத்தில் அந்த வெயில் பிடித்திருக்கும் இடம் மிகச் சிறியது. ஆனாலும் கண் வேறெங்கே போனாலும் திரும்ப அங்கேதான் வந்து சேர்கிறது. முன்னால் இருப்பதை நிழலில் வைத்துப் பின்னால் இருப்பதை வெயிலில் வைத்ததால் ஊருக்கு ஓர் ஆழம் வந்துவிட்டது. ஊருக்குள் தெருக்கள் இருக்கின்றன, அங்கே காலை விடிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. முன்வரிசைக்கும் அதே வெயிலைக் கொடுத்திருந்தால் இது ஒரு நல்ல ஊர்ப் படமாக மட்டுமே இருந்திருக்கும்.

இதை மூளையோடு கைக்கும் சொல்லித்தர வேண்டும். ஒரு நோட்டில் தீப்பெட்டி அளவுக்குச் சிறு கட்டம் போட்டு, அதற்குள் மூன்றே அளவுகளில் படத்தை நிரப்புங்கள்: பென்சிலை அழுத்தித் தேய்த்த இருட்டு, லேசாகத் தேய்த்த நடுத்தரம், தொடாத தாள் வெள்ளை. கோபுரத்துக்கும் அதையொட்டிய கூரைகளுக்கும் வெள்ளையைக் கண்டிப்பாக ஒதுக்குங்கள். தள்ளி வைத்துப் பார்த்தால் டெல்ஃப்ட் என்று அடையாளம் தெரிகிற வரை புதிது புதிதாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான்.

கட்டம் கட்டி வரைதல்

போர்டில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு என்று பென்சிலால் மெல்லிய கட்டம் போடுங்கள். குறுக்கே ஆறு, நெடுக்கே ஐந்து, மொத்தம் முப்பது சதுரங்கள் வரும். அச்சிட்ட படத்தையும் அதேபோல ஆறாகவும் ஐந்தாகவும் பிரியுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்துக் குறியுங்கள். மேல் இரண்டு வரிசைகள் ஏறக்குறைய வானம்தான். பாதிக்கும் மேற்பட்ட படத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு ஊரை ஒரு மெல்லிய பட்டையாக்கியிருக்கிறார் என்பதைக் கட்டம் போடும்போதுதான் பலரும் கவனிக்கிறார்கள்.

வரைய வேண்டியவை: அக்கரையின் நீர்விளிம்பு, கூரைகளின் மேல்விளிம்பு, இரண்டு வாசல்கள், வளைவுப் பாலம், கோபுரம், மணலின் சாய்கோடு. சன்னல், கல், ஆள் எதுவும் இப்போது வேண்டாம். நீர்விளிம்பு சற்றும் சாயக்கூடாது. அளவுகோலை வைத்தே போடுங்கள். நீர் சாய்ந்தால் பிறகு எதைச் செய்தும் படம் நிமிராது.

வரைந்த பின் பர்ன்ட் சியன்னாவோடு கொஞ்சம் ஆக்கர் சேர்த்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, போர்டு முழுவதும் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். அக்ரிலிக் என்றால் தண்ணீர். அப்பட்டமான வெள்ளைப் போர்டில் எந்த வண்ணமும் இருட்டாகத் தெரிந்து ஏமாற்றும். இந்தச் செம்மண் பூச்சின் மேல் வெளிச்சமும் இருட்டும் தங்கள் உண்மையான அளவில் தெரியும்.

வானம், ஊர், நீர்

வானத்தில் தொடங்குங்கள். உச்சிக் கருமேகத்துக்கு அல்ட்ராமரைன், அம்பர், வெள்ளை. கீழே வர வர வெள்ளையைக் கூட்டி, ஊருக்குச் சற்று மேலே துளி ஆக்கர் சேர்த்து வெதுவெதுப்பாக்குங்கள். நடுவே தெரியும் நீலத்துக்கு வெள்ளையும் அல்ட்ராமரைனும் போதும். தட்டைத் தூரிகையால் பூசி, ஈரம் இருக்கும்போதே மேகத்தின் கீழ் விளிம்பை உலர்ந்த தூரிகையால் நீவிவிடுங்கள். மேகத்தின் விளிம்பு ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் இருக்க வேண்டும். எல்லா விளிம்பும் ஒரேபோல இருந்தால் அது பஞ்சுப்பொதி ஆகிவிடும்.

அடுத்து ஊரின் நிழல் பட்டை. சிவப்புக் கூரை, சாம்பல் கல், பழுப்பு மதில் என்று பிரித்துப் பார்க்க மனம் துடிக்கும். முதல் பூச்சில் பிரிக்காதீர்கள். ஒரே கலவையை, அதாவது அல்ட்ராமரைன், சியன்னா, கொஞ்சம் வெள்ளை, இடமிருந்து வலம் இழுத்துவிடுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே கூரைகளில் சியன்னாவையும் கல் சுவர்களில் நீலத்தையும் லேசாகக் கூட்டலாம். இடப்பக்கக் கூரைகளின் அசலைப் பெரிதாக்கிப் பார்த்தால் வண்ணம் அங்கே சொரசொரப்பாக, பொருக்குப் பொருக்காக நிற்பது தெரியும். வானத்தை வழவழப்பாகவும் கூரையை முரடாகவும் பூசியதாலேயே ஓடு ஓடாகத் தெரிகிறது. நீங்களும் அங்கே எண்ணெய் சேர்க்காமல் கெட்டி வண்ணத்தைப் பாலெட் கத்தியின் நுனியால் ஒற்றி வையுங்கள்.

வெயில் விழும் கூரைகளையும் கோபுரத்தையும் மறுநாளுக்கு விட்டுவையுங்கள். அப்போது தூரிகை, துணி, பாலெட் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும். வெள்ளை, ஆக்கர், மிகக் கொஞ்சம் லெமன் யெல்லோ கலந்து, தயங்காமல், ஒரே தடவையில் வையுங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் அடியிலுள்ள நிழல் வண்ணம் மேலே ஏறி வெயில் மங்கிவிடும். அந்தக் கோபுரத்தைப் பற்றி ஒரு சேதி: அதில் மணிகள் இல்லை. 1660 வாக்கில் புதிய மணிகளைப் பொருத்தும் வேலை நடந்ததை வைத்தே ஓவியத்தின் காலத்தைக் கணிக்கிறார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1654இல், வெடிமருந்துக் கிடங்கு வெடித்து அந்த ஊரின் ஒரு பகுதியே அழிந்துபோயிருந்தது. தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரையைச் சேர்ந்தவர்கள் அந்த இளமஞ்சள் வெயிலை வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீருக்குத் தனி வண்ணம் தேடாதீர்கள். வானத்துக்குக் கலந்ததையே சற்று இருட்டாக்கினால் அது நீர். பிம்பம் விழும் இடத்தில் மேலே இருக்கும் பொருளின் வண்ணத்தை எடுத்து, கரியதைக் கொஞ்சம் வெளிறவைத்தும் வெளிறியதைக் கொஞ்சம் கருமையாக்கியும், மேலிருந்து கீழாக இழுங்கள். பிறகு உலர்ந்த தட்டைத் தூரிகையால் ஒரே ஒரு முறை குறுக்கே, தொட்டும் தொடாமலும் தடவுங்கள். அவ்வளவில் நீர் அசையத் தொடங்கும். வாசல் கோபுரங்களின் பிம்பங்களை வெர்மீர் வேண்டுமென்றே கீழே நீட்டியிருக்கிறார். முதலில் குறுகலாகத் தீட்டிவிட்டுப் பிறகு நீட்டியது எக்ஸ்ரே படத்தில் தெரியவந்திருக்கிறது. கட்டடங்களையும் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டால், கூரை வரிசை சீராக ஓடும்படி சிலவற்றைச் சற்று இடம் மாற்றியிருப்பது புலப்படுகிறது. ஊருக்கு உண்மையாக இருந்தபடியே படத்துக்கு வேண்டியதைச் செய்யலாம் என்ற துணிச்சலை இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரையில் அது தேவைப்படும்.

மணலும் மனிதர்களும் சுலபம். ஒவ்வோர் ஆளுக்கும் மூன்று நான்கு தீற்றல்கள் போதும்.

கடைசியில் மெல்லிய தூரிகை. வலப்பக்கப் படகுகளின் உடல்மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒளி தெறித்திருக்கும். வெள்ளையும் துளி ஆக்கரும் கலந்து, தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு எடுங்கள். பத்துப் பதினைந்து புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் மின்னினால் கோபுரத்து வெயிலுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

சரிபார்க்க, படத்தைத் தலைகீழாக வைத்துக் கறுப்பு வெள்ளைப் படியோடு ஒப்பிடுங்கள். அல்லது உங்கள் படத்தைச் செல்போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பாருங்கள். முன்வரிசைக்கும் வெயில் கூரைக்கும் நடுவே வித்தியாசம் குறைந்திருந்தால் முன்வரிசையை இன்னும் இருட்டாக்குங்கள். வெயிலை வெளுக்க முயல வேண்டாம். போர்டின் பின்புறம் ‘வெர்மீரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, உங்கள் பெயரும் தேதியும் இடுங்கள். இது மரியாதை.

இனி கீழக்கரைக்கு

புதியவர்கள் நேரே பாம்பன் பாலத்துக்குப் போகிறார்கள். 1988இன் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் என்று அங்கே இருப்பது முழுக்க முழுக்கத் தூரப்பார்வைக் கணக்கு. அது அடுத்த வருடத்துக்கான பாடம். ராமேஸ்வரத்தில் கடல் கிழக்கே இருப்பதால் கரையிலிருந்து ஊரைப் பார்க்கையில் காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து எல்லாவற்றையும் சமமாக வெளுத்துவிடும், நிழலுக்கு இடமிருக்காது.

கீழக்கரை வேறு. அங்கே கடல் தெற்கே இருக்கிறது. ஜெட்டியில் நடந்து போய்த் திரும்பி நின்றால் நீருக்கு அப்பால், வடக்கே, ஊர் நீளவாக்கில் கிடக்கிறது: படகுகள், மதில்கள், வீடுகள், மினார்கள், தென்னை. காலை வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. வெர்மீர் நின்ற திசையும் வெளிச்சத்தின் பக்கமும் அப்படியே பொருந்துகின்றன.

போக வேண்டிய காலம் கார்த்திகை முதல் தை வரை. அப்போது சூரியன் தென்கிழக்கே சாய்ந்து எழுவதால் ஊரின் முகத்தில் வெயில் படும். ஆனி, ஆடியில் வடகிழக்கே எழுவதால் சுவர்கள் நிழலாகவே நிற்கும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளித்தாலும் மன்னார் வளைகுடாப் பக்கம் கரை மறைப்பதால் நீர் அடங்கியிருக்கும்; பிம்பம் கிடைக்கும். மழைக்கால மேகமும் மேலே இருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் தென்கரையில் ஈர வண்ணத்தோடு உட்கார்ந்தால் மணல்தான் ஒட்டும். அந்தக் காலத்தில் படம் வரைய மண்டபத்தின் வடகரைக்குப் போங்கள்.

படகுகளைப் படிக்கத் தனியே ஒரு காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் கரைகளில் பல படகுகளை மேலே ஏற்றிப் பழுது பார்த்து வண்ணம் பூசுகிறார்கள். வெர்மீரின் வலப்பக்கப் படகுகளும் இப்படிப் பழுதுக்காக நின்றவைதான். அசையாமல் நிற்கும் அந்த நாட்களில் பென்சிலால் அணியம் (படகின் முன்முனை), அடிப்பாகம், சுக்கான் என்று நிதானமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிறவர்களிடம் “அண்ணே, இப்படி ஓரமாக உட்கார்ந்து வரைந்துகொள்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடலோரக் காவல்படை, கடற்படை இடங்களைப் படம் எடுக்கவோ வரையவோ வேண்டாம்.

ஜெட்டிக்கு முதல் முறை வண்ணம் கொண்டு போகாதீர்கள். நோட்டும் பென்சிலும் போதும். அதே தீப்பெட்டிக் கட்டம், அதே மூன்று அளவுகள். மேகம் கடக்கும்போது காத்திருங்கள். முன்னால் கட்டியிருக்கும் படகுகளும் கரையோர மதிலும் நிழலுக்குள் போய், உள்ளே ஏதோ ஒரு மினாரோ மாடிச் சுவரோ மட்டும் வெயிலில் நிற்கும் கணம் ஒன்று வரும். சில நொடிகளே நீடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் கட்டத்தின் ஓரத்தில் நேரத்தையும் சூரியன் இருந்த பக்கத்தையும் எழுதுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அது வடிவங்களுக்கு மட்டும், வெளிச்சத்துக்கு நோட்டை நம்புங்கள்.

வீட்டுக்கு வந்து அதே 12க்கு 10 போர்டில், அதே வரிசையில் தீட்டுங்கள். வண்ணங்களில் சில மாற்றங்கள் வேண்டும். நம் வானம் டெல்ஃப்டைவிட வெளுப்பு. அடிவானத்தில் ஆக்கரைக் கொஞ்சம் கூட்டுங்கள். தென்னைக்கும் பனைக்கும் அல்ட்ராமரைனும் ஆக்கரும் கலந்த மங்கல் பச்சை. படகுகளின் பளிச்சென்ற பச்சைக்கு ஆக்கருக்குப் பதில் லெமன் யெல்லோ, அதையும் நிழலில் சியன்னா சேர்த்து அடக்கிவிடுங்கள். செல்போன் கோபுரமோ மின்கம்பமோ வெயில் மினாரின் மேல் குறுக்கே விழுந்தால் ஒரு விரற்கடை தள்ளி வையுங்கள்.

ராமநாதபுரத்துக்குப் போகும்போது அரண்மனையிலுள்ள ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களையும் பார்த்துவிடுங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டியவை. சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும் அவற்றில் உண்டு. அங்கே நிழலே கிடையாது; கோடும் தட்டையான வண்ணமுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. டெல்ஃப்டைத் தீட்டி முடித்த கண்ணோடு அவற்றின் முன் நின்று, ஒரு சிறு பகுதியை நோட்டில் கோடாக மட்டும் பார்த்து வரையுங்கள். கீழக்கரைப் படத்தின் படகு விளிம்புகளை வரைய அந்தக் கோடு உதவும்.

எண்ணெய்ப் படம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே காய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை வார்னிஷ் பூச வேண்டாம். உப்புக் காற்றில் கேன்வாஸ் போர்டு வளையும். கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாமல், உள்ளறையில், சுவரோடு ஒட்டாமல் பின்னால் சிறு தக்கைகள் வைத்து மாட்டுங்கள்.